அழைப்பிதழா, கடன் சீட்டா?

திருமண அழைப்பிதழ் அச்சேறுவதற்கு முன்னரே மற்றோர் அழைப்பு வந்துவிடுகின்ற காலம் இது. நெருங்கிய நண்பர்கள் மட்டும் கூடும் விருந்து என்று அதற்குப் பெயர். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் வாழ்ந்தவர்களும், சென்னையிலோ பெங்களூரிலோ ஒரே அலுவலகத்தில் பணியாற்றுபவர்களும், திருமணத்திற்கு இரண்டு மூன்று வாரங்கள் இருக்கும்போது கோவாவுக்கோ கொடைக்கானலுக்கோ சென்று, இரண்டு இரவுகள் தங்கித் திரும்ப வேண்டும். பயணச் செலவு அவரவருடையது. அறை வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சட்டை. மணமகனுக்குப் பொதுவில் ஒரு பரிசு. பெண்பிள்ளைகளிடையே இதுவே மெகந்தி, சங்கீத் என்று வடநாட்டுப் பெயர்களோடு வருகின்றது.

இந்த அழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அறியாமல் நிற்கும் பிள்ளைகள் நம் பங்குகளிலும் பெருகிவிட்டார்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து கூட்டம் கலைந்த பின், ஒதுங்கி நின்று, "போகட்டுமா, சாமி?" என்று கேட்கிறார்கள். வீட்டில் அப்பா, "குடித்துக் கூத்தடிக்கத்தானே?" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். நண்பர்களோ, வாட்ஸ்அப் குழுவில் வருவோர் பெயரைப் பட்டியலிட்டு, இவன் பெயருக்கு நேரே கேள்விக்குறி போட்டுவிட்டார்கள். வாங்கும் சம்பளத்தில் பாதி வீட்டுக் கடனுக்குப் போகின்றது. போனால் கடன்; போகாவிட்டால் பழி. நடுவில் நின்று தவிக்கிறான் பிள்ளை.

என் நிலையை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அழைத்துவிட்டார்கள் என்பதற்காக மட்டும் போக வேண்டியதில்லை. பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்பதற்காக மட்டும் போகாமல் இருக்க வேண்டியதும் இல்லை. இந்த இரு தரப்பும் நட்பைப் பற்றிப் பேசவில்லை. ஒரு தரப்பு வருகைப் பதிவேட்டைப் பற்றிப் பேசுகின்றது. மறு தரப்பு ஊர் வாயைப் பற்றிப் பேசுகின்றது. இரண்டையும் எதிர்த்தே இக்கட்டுரை.

முதலில் பெரியவர்களாகிய நம் பக்கம் திரும்புவோம். "எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?" என்று நாம் சொல்வது உண்மைதானா? பரிசம் போடுவதற்கு வேன் வேனாக ஆள்களை ஏற்றிச் சென்றது யார்? வீட்டுத் திண்ணையில் பத்துப் பேர் முன்னிலையில் நடந்த நிச்சயதார்த்தத்தை, மண்டபம் பிடித்து, மேடை கட்டி, திருமணத்துக்கு முன்னொரு திருமணமாக ஆக்கியது யார்? அதற்கு வராத பங்காளியை ஆண்டுக்கணக்கில் பேசாமல் ஒதுக்கியது யார்? இளைஞர்கள் கோவாவில் செய்வதை நாம் கீற்றுப் பந்தலில் செய்தோம். தொலைவுதான் வேறு.

அதிலும் நம் புதுக்கோட்டை மாவட்டத்தாருக்கு இதைப் பேசும் தகுதியும் உண்டு, பேசவேண்டிய கட்டாயமும் உண்டு. ஆடி பிறந்துவிட்டால் வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், நெடுவாசல் பக்கங்களிலும், எல்லை தாண்டித் தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணிச் சீமையிலும் மொய் விருந்து தொடங்கிவிடுகின்றது. மணமகனும் இல்லை, மணமகளும் இல்லை. விருந்து வைப்பதே விழா. பலர் கூட்டாகச் சேர்ந்து ஒரே பந்தலில் ஆட்டுக்கறி விருந்து வைப்பார்கள். விருந்தாளி சாப்பிட்டுக் கைகழுவி, தனித்தனியே மேசை போட்டு நோட்டுடன் அமர்ந்திருப்பவர்களிடம் மொய் எழுதுவார். அண்மைக் காலத்தில் நோட்டுக்குப் பக்கத்தில் கணினி ரசீதும், பணம் எண்ணும் இயந்திரமும் வந்துவிட்டன. வாங்கியவர், தம்மவர் விருந்து வைக்கும்போது வாங்கியதைத் திருப்பி, மேலே சிறிது சேர்த்தும் எழுத வேண்டும். அந்தக் கூடுதல் தொகை இவருக்கு வரவேண்டிய புதுக் கடனாகின்றது. இப்படி ஒரு சங்கிலி தலைமுறை தலைமுறையாகப் போகின்றது.

இந்த வழக்கத்தை நான் இழிவாகப் பேச வரவில்லை. வட்டியில்லாமல் ஒரு குடியானவனுக்குப் பெருந்தொகை ஒரே நாளில் கிடைப்பதற்கு இதைவிட எளிய வழி நம் கிராமங்களில் இருந்ததில்லை. ஆழ்துளைக் கிணறு இறக்கியவர்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் இதனால் உண்டு. அது ஓர் ஊர்க் கூட்டுறவு. அதன் நேர்மை எங்கே இருக்கின்றது என்றால், கடனைக் கடன் என்றே சொல்வதில் இருக்கின்றது. யார் எவ்வளவு தந்தார், யார் எவ்வளவு தரவேண்டும் என்பது வெளிப்படையாக நோட்டில் இருக்கின்றது. அன்பு என்ற பெயரில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

நண்பர் கூட்டத்தின் புது விருந்திலே நடப்பது என்ன? அங்கும் நோட்டு உண்டு; ஆனால் கண்ணுக்குத் தெரியாத நோட்டு. "அவன் என் விருந்துக்கு வந்தான், நான் அவன் விருந்துக்குப் போகாமல் இருக்கலாமா?" "எல்லாரும் வரும்போது நீ மட்டும் வரவில்லையென்றால் என்ன பொருள்?" இவை நட்பின் சொற்களா, மொய் எழுதுவோரின் சொற்களா? பணத்துக்குப் பதிலாக வருகையும், ரசீதுக்குப் பதிலாகப் புகைப்படமும் வந்திருக்கின்றன. மொய் நோட்டிலாவது, கையில் இல்லாதவன் சிறிது காலம் தவணை கேட்கலாம். இந்த நோட்டில் தவணை கிடையாது. வராதவன் நண்பன் அல்லன் என்று அன்றைக்கே கணக்கு முடிக்கப்படுகின்றது. இங்கேதான் என் சினம்.

நட்புக்காகத் தொலைதூரம் செல்வது தமிழனுக்குப் புதிதன்று. சொல்லப்போனால் அது நம் மண்ணின் பெருமை. பொன்னமராவதியிலிருந்து சற்றுத் தொலைவில், இன்று சிவகங்கை மாவட்டத்தில், பிரான்மலை நிற்கின்றது. பாரி ஆண்ட பறம்பு மலை அதுவே என்பர். மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பாரி மாண்ட பின், அவன் நண்பர் கபிலர் என்ன செய்தார்? நண்பனின் இரண்டு பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு, அவர்களுக்கு மணவாழ்வு தேடி ஊர் ஊராக நடந்தார். விச்சிக்கோனிடம் கேட்டார், அவன் இசையவில்லை. இருங்கோவேளிடம் கேட்டார், அவனும் மறுத்தான். பிற்காலத்தில் நம் கொடும்பாளூரிலிருந்து ஆண்ட இருக்குவேளிரை அந்த இருங்கோவேள் மரபோடு இணைத்துப் பார்க்கும் ஆய்வாளர்களும் உண்டு. இறுதியில் கபிலர் அம்மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு, பெண்ணையாற்றின் கரையில் வடக்கிருந்து உயிர் நீத்தார் என்பது மரபு. திருக்கோவலூர்க் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டும் கபிலரையும் பாரி மகளையும் நினைவுகூர்கின்றது. பிரான்மலையிலிருந்து திருக்கோவலூர் 200 கி.மீ.க்கும் மேல். ஒரு திருமணத்தை முன்னிட்டு நண்பர் ஒருவர் மேற்கொண்ட பயணம் இது. அதில் விருந்தும் இல்லை, ஆட்டமும் இல்லை. திருப்பித் தரவேண்டிய நண்பனோ உயிரோடும் இல்லை!

பிசிராந்தையாரின் வரலாறும் நாம் பள்ளியில் படித்ததுதான். உறையூர்ச் சோழன் கோப்பெருஞ்சோழனும், பாண்டி நாட்டுப் பிசிரூர்ப் புலவரும் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. சோழன் வடக்கிருக்க அமர்ந்தபோது, தன் அருகில் ஆந்தையாருக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். இவ்வளவு தொலைவிலிருந்து அவர் வருவாரா என்று சுற்றியிருந்தோர் ஐயுற்றனர். அதற்குச் சோழன் சொன்ன விடையின் சாரம் புறநானூற்றில் இருக்கின்றது: செல்வம் உள்ள நாளில் அவர் வராமல் இருந்தாலும் இருப்பார், துன்ப நாளில் வராமல் இருக்கமாட்டார். அவ்வாறே புலவரும் வந்தார்.

அன்பர்களே, இந்த விடையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தன் நல்ல நாள்களில் ஒருமுறையேனும் வந்து பாராத நண்பனைப் பற்றி அரசனுக்கு மனக்குறை ஒன்றும் இல்லை. அவன் வருகைப் பதிவேடு வைத்திருக்கவில்லை. நம்பிக்கை மட்டுமே வைத்திருந்தான். சோழ நாட்டுக்கும் பாண்டி நாட்டுக்கும் எல்லையாகச் சொல்லப்பட்ட வெள்ளாறு நம் மாவட்டத்தின் குறுக்கே ஓடுகின்றது. அந்த ஆற்றைத் தாண்டி வந்த நட்பின் இலக்கணம் இது. கொண்டாட்டத்துக்கு வராததை மன்னிக்கவும், துயரத்தில் வருவான் என்று இடம் ஒதுக்கி வைக்கவும் தெரிந்ததே நட்பு.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்கு நாமே சாட்சிகள். 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியலில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, முப்பது நாற்பது ஆண்டு வளர்ந்த தென்னைகள் ஒரே இரவில் வேரோடு சாய்ந்து கிடந்ததைக் கண்டோம். பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்பொழுது கொங்கு நாட்டிலிருந்தும், சென்னையிலிருந்தும், தென் மாவட்டங்களிலிருந்தும் அரிசி, மெழுகுவர்த்தி, தார்ப்பாய், போர்வை ஏற்றிய வண்டிகள் வந்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். கல்லூரியில் உடன் படித்தவனின் ஊர், அலுவலகத்தில் உடன் இருப்பவனின் ஊர் என்று விசாரித்து விசாரித்து வந்தார்கள். எவருக்கும் அழைப்பிதழ் அனுப்பப்படவில்லை. ஆகவே, இக்கால இளைஞருக்கு நட்பு தெரியாது என்று சொல்லும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நட்பு அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதை விடுதி அறையின் வாடகைப் பங்கால் அளக்கக் கற்றுக்கொடுப்பவர்களைத்தான் கண்டிக்கிறேன்.

திருமறையும் இதே வேறுபாட்டைக் காட்டுகின்றது. நீதித் தலைவர்கள் நூலின் 14-ஆம் அதிகாரத்தில் சிம்சோனின் திருமண விருந்து வருகின்றது. இளைஞர்களின் வழக்கப்படி வைக்கப்பட்ட விருந்து என்றே அந்நூல் அதைக் குறிப்பிடுகின்றது. தோழர் என்று முப்பது பேரைக் கொண்டுவந்து அமர்த்தினார்கள். ஏழு நாள் கொண்டாட்டம். நடுவில் விடுகதைப் பந்தயம். விடை தெரியாத தோழர்கள் மணமகளை மிரட்டினார்கள். முடிவில் முப்பது உயிர்கள் போயின; மணமகளும் மற்றொருவனுக்குக் கொடுக்கப்பட்டாள். இருக்கையை நிரப்ப வந்த முப்பது பேரில் நண்பன் ஒருவனும் இல்லை.

தோபித்து நூலிலோ வேறொரு திருமணம். தோபியாவுக்கும் சாராவுக்கும் எக்பத்தானாவில் பதினான்கு நாள் விருந்து நடக்கின்றது. தந்தை முன்னாளில் கபேல் என்பவரிடம் ஒப்படைத்திருந்த பணத்தை வாங்கிவரவும், அவரைத் திருமணத்துக்கு அழைத்துவரவும் இரபேல் ஒட்டகங்களோடு இராகேசுக்குச் செல்கிறார். கபேல் என்ன செய்கிறார்? முத்திரை கலையாத பணப் பைகளை எண்ணி ஒப்படைக்கிறார். அதன்பின் மறுநாள் அதிகாலையில் எழுந்து, பயணம் செய்து வந்து, மணமகனைக் கண்டு கண்ணீர் விட்டு வாழ்த்துகிறார். கணக்கை முதலில் தனியே தீர்த்தார். பிறகு அன்போடு தனியே வந்தார். கணக்கையும் அன்பையும் ஒரே பையில் போட்டுக் கட்டவில்லை. இந்த ஒரு செய்தியை நம் மொய் மேசைக்கும், நண்பர் குழுவுக்கும் எழுதி ஒட்டினால் நன்று.

திருச்சபையின் சட்டமும் நண்பனை மறக்கவில்லை. மறைவான திருமணங்களால் பெண்கள் கைவிடப்பட்ட கொடுமையைத் தடுக்க, திரிதெந்துப் பொதுச்சங்கம் 1563-இல், பங்குக் குருவின் முன்னிலையும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளும் வேண்டும் என்று விதித்தது. இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1108-ஆம் விதியும் இரு சாட்சிகளைக் கேட்கின்றது. ஆயிரம் பேர் உண்டாலும், மணமக்கள் கொடுத்த வாக்கைக் கேட்டேன் என்று கையொப்பமிட இருவர் இல்லையென்றால் திருமணம் இல்லை. நண்பனுக்குத் திருச்சபை தரும் இருக்கை அதுதான். ஆனால் இன்று நடப்பதென்ன? கோவாவுக்கு விடுப்பும் பணமும் செலவழித்த நண்பர்கள், திருமணத் திருப்பலிக்கு வர விடுப்பு இல்லை என்கிறார்கள். அல்லது வரவேற்புக்கு மட்டும் வந்து புகைப்படம் எடுத்துச் செல்கிறார்கள். சாட்சிப் பதிவேட்டில் கையெழுத்திட ஆளைத் தேடும் நிலை பல ஆலயங்களில் உண்டு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 'அன்பின் மகிழ்வு' என்ற தம் 2016-ஆம் ஆண்டு மடலின் 212-ஆம் எண்ணில், அழைப்பிதழ், உடை, விருந்து என்னும் ஆயத்தங்களே மணமக்களின் பணத்தையும் வலிமையையும் மகிழ்ச்சியையும் உறிஞ்சிவிட, அவர்கள் களைத்துப்போய்த் திருமணத்துக்கு வந்து சேருகிறார்கள் என்று வருந்தினார். உடன் வரும் நண்பர்களுக்கும் அதுவே பொருந்தும்.

"வாழ்க்கையில் ஒருமுறைதானே, சாமி?" என்பார்கள். மணமகனுக்கு ஒருமுறை, பத்து நண்பர்கள் உள்ளவனுக்குப் பத்து முறை. "மகிழ்ச்சியாக இருப்பது பாவமா?" என்பார்கள். கானாவூர்த் திருமணத்துக்குச் சென்று, தீர்ந்துபோன திராட்சை இரசத்தை நிறைவு செய்தவரைப் பின்பற்றுகின்றவர்களிடம் இந்தக் கேள்வி தேவையில்லை. மகிழ்ச்சியை எவரும் தடுக்கவில்லை. ஆனால் அங்கே குறை நேர்ந்தபோது, விருந்து வைத்தவரின் மானம் காக்கப்பட்டது. இங்கோ வர இயலாத ஏழை நண்பனின் மானம் பலர் முன் பறிக்கப்படுகின்றது. எவனுடைய மகிழ்ச்சிக்காக இன்னொருவன் தன் தாயின் நகையை அடகு வைக்க நேர்கின்றதோ, அந்த மகிழ்ச்சியில் ஏதோ ஒன்று அழுகியிருக்கின்றது.

அப்படியானால் போகவே கூடாதா? போக வேண்டிய நேரம் உண்டு. வீட்டார் கைவிட்டுத் திருமணம் செய்துகொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சாதி கடந்து மணம் முடிப்பதால் தாய்மாமனும் வராத, சித்தப்பனும் வராத வீடுகள் நம் மாவட்டத்தில் இல்லையா? பெற்றோரை இழந்து விடுதியில் வளர்ந்த பெண்ணுக்கு நலங்கு வைக்க யார் இருக்கிறார்கள்? அங்கே அழைப்பு வந்தால், ஆயிரம் கி.மீ. ஆனாலும் புறப்படுங்கள். பணம் இல்லையென்றால் பங்கில் கேளுங்கள். அங்கே நண்பர்தாம் உறவினர். நீங்கள் போகாவிட்டால் அந்த முற்றம் வெறுமையாக இருக்கும்.

இங்கே பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. மகன் கோவாவுக்குச் சென்றால் முணுமுணுத்துவிட்டு அனுப்பிவிடுகிறீர்கள். மகளோ, தாயில்லாத தன் தோழிக்குத் திருமணத்துக்கு முன் நான்கு நாள் துணையிருக்கத் திருச்சிக்குப் போகிறேன் என்றால், ஊர் என்ன சொல்லும் என்று பூட்டி வைக்கிறீர்கள். மலை நாட்டுக்கு விரைந்து சென்று, ஏறத்தாழ மூன்று மாதம் எலிசபெத்துடன் தங்கித் துணைநின்ற இளம்பெண்ணின் பெயரால் நம் ஊர்தோறும் கோயில் கட்டியிருக்கிறோம். மகன் களிப்புக்குச் செல்லும் பயணத்துக்குக் கதவைத் திறந்துவிட்டு, மகள் துணைநிற்கச் செல்லும் பயணத்துக்குக் கதவடைப்பது எந்த நற்செய்தியில் இருக்கின்றது?

ஆகவே, கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுவே. அழைப்பு வந்தவுடன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் போவது அவனுக்காகவா, அந்தப் பட்டியலுக்காகவா? நான் செலவிடப்போவது என் உழைப்பா, என் வீட்டாரின் வயிறா? இதற்குச் சென்றால், அவன் வாக்குக் கொடுக்கும் நாளில் அருகில் நிற்க எனக்கு விடுப்பும் பணமும் மிஞ்சுமா? மூன்றுக்கும் நேர்மையான விடை கிடைத்தால், மகிழ்ச்சியோடு சென்று வாருங்கள். கிடைக்காவிட்டால், பொய்க் காய்ச்சலும், பொய்யான அலுவலக வேலையும் சொல்லாதீர்கள். குழுவில் எழுதாமல், நண்பனிடமே பேசுங்கள். "என்னால் இயலவில்லை, திருமணத்தன்று முதல் ஆளாக வந்து நிற்பேன்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொன்னபடி வந்தும் நில்லுங்கள்.

அழைப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு; சொல்லப்போனால் பெரிய கடமை உங்களுடையதுதான். உங்கள் நண்பர்களில் யாருக்குச் சம்பளம் குறைவு, யார் வீட்டில் நோயாளி, யாருக்குக் கடன் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் தொலைவான இடத்தைத் தேர்ந்தெடுத்து, வராதவன்மேல் வருத்தம் கொண்டாடுவது அன்பு அன்று, அதிகாரம். இயேசு விருந்துக்கு அழைப்பதைப் பற்றிச் சொன்னபோது, திருப்பி அழைக்கக்கூடியவர்களை அழைப்பதில் என்ன கைம்மாறு என்று கேட்டார். திருப்பித் தர இயலாதவர்களை அழைக்கச் சொன்னார். உங்கள் விருந்துக்கு வர வசதியில்லாத நண்பன் இருக்கின்றானே, அவனை முன்னிட்டு இடத்தைத் தீர்மானியுங்கள். அவன் பேருந்தில் வந்துசேரக்கூடிய ஊரில், அவன் வீட்டிலேயே, ஒரு மாலை கூடி உண்ணுங்கள். வர இயலாது என்று அவன் சொல்வதற்கு முன்னரே, "நீ இதற்கு வரவேண்டாம்டா, கோயிலுக்கு வா, போதும்" என்று நீங்கள் சொல்லிவிடுங்கள். சாட்சிப் பதிவேட்டில் அவன் கையொப்பம் இடுவதற்கு உங்கள் பக்கத்திலேயே ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள்.